ஈசர் நல்லவர்

தி ஷேமன் என்ற குழுவின் பெயரைச் சொன்னால் பிரிட்டனில் ஐம்பது வயதை நெருங்கும் ஆட்கள் ஒரே ஒரு பாட்டைத்தான் சொல்வார்கள். சிரித்துக்கொண்டே சொல்வார்கள். 1992 செப்டம்பரில் தொடங்கி நான்கு வாரம் பிரிட்டிஷ் தரவரிசையில் முதலிடத்தில் உட்கார்ந்திருந்த 'எபனீசர் குட்'. எனக்கு அந்தப் பாட்டு அவ்வளவாகப் பிடிக்காது. ஆனால் அதைத் தாண்டாமல் இந்தக் குழுவின் மற்ற வேலைகளுக்குப் போக முடியாது. வீட்டு வாசலில் கட்டிப்போட்ட நாய் மாதிரி அது குறுக்கே நிற்கிறது. முதலில் அதைத் தட்டிக்கொடுத்துவிட்டு உள்ளே போவோம்.

பாட்டின் சூட்சுமம் தலைப்பிலேயே இருக்கிறது. எபனீசர் குட் என்பது ஓர் ஆளின் பெயர். எபனீசர் என்றதும் ஆங்கிலேயருக்கு டிக்கன்ஸ் எழுதிய கஞ்சக் கிழவன் ஸ்க்ரூஜின் நினைப்பு வரும். பாட்டு முழுக்க, எல்லாரையும் குஷிப்படுத்தும் ஒரு குறும்புக்காரனின் புகழ்தான். இப்போது அந்தப் பெயரின் முன்பகுதியை விழுங்கிவிட்டு மிச்சத்தை மட்டும் வேகமாகச் சொல்லிப் பாருங்கள். எக்ஸ்டஸி மாத்திரைக்குத் தெருவில் 'ஈ' என்று பெயர். 'ஈ'க்கள் நல்லவை என்று பன்மையில் ஓர் ஆங்கில வாக்கியம் அதற்குள் ஒளிந்திருப்பது கேட்கும். தமிழ்க் காதுக்குக் கேட்பது வேறு. எனக்கு முதல் தடவை 'ஈசர்' என்றுதான் விழுந்தது. ரேவ் பாட்டில் எங்கிருந்து சிவபெருமான் வந்தார் என்று ஒரு கணம் குழம்பினேன்.

நமக்கு இது புதிய வித்தை இல்லை. சிலேடை. காளமேகப் புலவர் பாம்பையும் எள்ளையும் ஒரே வெண்பாவில் அடைத்தவர். வசையைத் துதிபோலவும் துதியை வசைபோலவும் பாடியவர். ஷேமனின் சிலேடை அந்த அளவுக்கு நுட்பமானதல்ல. ஆனால் காளமேகத்துக்குக் கிடைக்காத ஒன்று அவர்களுக்குக் கிடைத்தது. பிபிசியின் 'டாப் ஆஃப் த பாப்ஸ்' நிகழ்ச்சியில், நாடு முழுக்கக் குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்கும் நேரத்தில், அதை மேடையேற்றினார்கள். பத்திரிகைகள் கொதித்தன. மேடையில் 'ராப்' பாடிய மிஸ்டர் சி ஒரு வரியை மாற்றி, தரைவிரிப்புக்கு அடியில் போடும் துணியின் பெயரைச் செருகினார். அது எதற்கு என்று கேட்டபோது, சும்மா விரிப்பைப் பற்றித்தான் என்றாராம். ஆங்கிலத்தில் விரிப்புக்கும் போதைப்பொருளுக்கும் ஓரெழுத்துதான் வித்தியாசம்.

என் அக்கா இங்கே சிங்கப்பூரில் போதைப்புழங்கிகளுக்கான மறுவாழ்வு இல்லம் ஒன்றில் ஆலோசகர். அவளிடம் போட்டுக்காட்டினேன். கதையை முன்கூட்டிச் சொல்லவில்லை. இரண்டாவது தடவை அந்தப் பெயர் வந்ததுமே பிடித்துவிட்டாள்.

"டேய், இது மாத்திரை விளம்பரம்டா."

"நம்பர் ஒன் ஹிட்டுக்கா. நாலு வாரம்."

"நல்லாதான் பாடறாங்க. என்கிட்ட வர்ற பிள்ளைங்ககிட்ட மட்டும் போட்டுடாத."

அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள், ஆனால் விளையாட்டாகச் சொல்லவில்லை. இங்கே அந்த மாத்திரை ஏ வகுப்புப் போதைப்பொருள். அதை வைத்து வார்த்தை விளையாட்டு விளையாடுவது எவ்வளவு தொலைவான, எவ்வளவு சொகுசான விஷயம் என்று எனக்கு அவள் முகத்தைப் பார்த்ததும் தோன்றியது. பிரிட்டனிலேயே அந்தச் சொகுசு நீடிக்கவில்லை. 1994இல் வந்த குற்றவியல் நீதிச் சட்டம், தொடர்ந்து ஒரேமாதிரி அடிக்கும் தாளத்தை வரையறுத்து, அப்படிப்பட்ட இசை ஒலிக்கும் திறந்தவெளிக் கூட்டங்களைக் கலைக்கக் காவல்துறைக்கு அதிகாரம் கொடுத்தது. தாளத்தின் இயல்பைச் சட்டவாசகத்துக்குள் கொண்டுவந்த வேறொரு சட்டத்தை நான் பார்த்ததில்லை. 1995 நவம்பரில் எசெக்ஸில் 18 வயதுப் பெண் ஒருத்தி அந்த மாத்திரையை விழுங்கி, அளவுக்கு மீறித் தண்ணீர் குடித்து இறந்தாள். அவள் படம் நாடு முழுக்கச் சுவரொட்டியானது. அதற்குப்பிறகு 'எபனீசர் குட்'டை யாரும் பழைய மாதிரி சிரித்துக் கேட்டிருக்க முடியாது என்றே நினைக்கிறேன்.

சரி, உள்ளே போவோம்.

ஷேமன் லண்டன் குழு இல்லை. ஸ்காட்லாந்தின் வடகிழக்குக் கரையில் இருக்கும் அபர்டீன் நகரத்துக் குழு. சாம்பல்நிறக் கருங்கல்லால் கட்டிய ஊர். வடகடல் எண்ணெய்ப் பணம் புரண்ட ஊர். நடன இசைக்குப் பேர்போன ஊர் என்று யாரும் சொல்லமாட்டார்கள். 1980களின் நடுவில் காலின் ஆங்கஸ், டெரிக் மெக்கென்சி, கீத் மெக்கென்சி ஆகியோர் அங்கே தொடங்கியபோது அவர்கள் வாசித்தது கிட்டார் இசை. 60களின் சைக்கடெலிக் ராக்கின் பேரப்பிள்ளைகள். முதல் ஆல்பம் 'டிராப்', 1987. அதை வெளியிட்டது அவர்களே நடத்திய சிறு நிறுவனம். அதன் பெயர் மோக்ஷா. ஆம், நம் மோட்சம்தான்.

அந்தக் காலத்துப் பாட்டு ஒன்றுக்கு 'கிறிஸ்டஃபர் மேஹ்யூ சேஸ்' என்று பெயர். மேஹ்யூ நிஜ மனிதர், பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர். 1955இல் பிபிசி கேமராவுக்கு முன்னால் உட்கார்ந்து, மருத்துவர் ஹம்ஃப்ரி ஆஸ்மண்டின் மேற்பார்வையில் மெஸ்கலின் என்ற மருந்தை விழுங்கி, தனக்குக் காலம் எப்படிக் கலைந்துபோகிறது என்று கோட்டு சூட்டோடு மிக மரியாதையாக விவரித்தவர். பிபிசி அதை அப்போது ஒளிபரப்பவில்லை. 'சைக்கடெலிக்' என்ற சொல்லை உருவாக்கியவரே இந்த ஆஸ்மண்ட்தான். அபர்டீன் பையன்கள் இப்படிப்பட்ட சங்கதிகளைத் தோண்டியெடுத்துப் பாட்டாக்கிக்கொண்டிருந்தார்கள். ஆகவே 1992இல் போதையைப் பற்றிப் பாடியதைப் பணத்துக்காகச் செய்த திடீர்த் திருப்பம் என்று சொல்வது சரியில்லை. ஆரம்பத்திலிருந்தே அவர்கள் அங்கேதான் சுற்றிக்கொண்டிருந்தார்கள். அன்று கேட்க ஆளில்லை, அவ்வளவுதான்.

மெக்கென்சிகள் ஒவ்வொருவராக விலகினார்கள். கிளாஸ்கோக்காரர் வில் சின்னட் வந்து சேர்ந்தார். காலினும் வில்லும் லண்டனுக்குப் போனார்கள். ஆசிட் ஹவுஸ் இசை பிரிட்டனைப் புரட்டிப்போட்டுக்கொண்டிருந்த நேரம். கிட்டார் பின்னுக்குப் போய் சாம்ப்ளரும் சீக்வென்சரும் முன்னுக்கு வந்தன. அமெரிக்கத் தொலைக்காட்சிப் பிரசங்கிகளின் குரலை வெட்டி ஒட்டி 'ஜீசஸ் லவ்ஸ் அமெரிகா' என்று ஒரு கோபமான பாட்டு. அதனால் கைக்கு வந்திருந்த பீர் விளம்பர வாய்ப்பு ஒன்று போனது. 1989இல் வந்த ஆல்பத்தின் பெயர், அமெரிக்க டாலரில் கடவுள் இருக்கும் இடத்தில் கோர்பசேவை உட்காரவைத்தது. வார்த்தையைத் திருகிப் பார்க்கும் கை அன்றே இருந்தது.

இந்த இடத்தில்தான் அவர்கள் செய்த முக்கியமான காரியம் வருகிறது. அது பாட்டு இல்லை, இரவு. சினர்ஜி என்று பெயர். ராக் கச்சேரி என்றால் என்ன நடக்கும்? துணைக்குழு அரைமணி நேரம், இடைவேளை, பிறகு முக்கியக் குழு, வீட்டுக்குக் கிளம்பு. ரேவ் என்றால் டிஜேக்கள் மட்டும். ஷேமன் இரண்டையும் கலந்தார்கள். மேடையில் நேரடியாக வாசிப்பவர்கள், நடுநடுவே டிஜேக்கள், ஒளிக்காட்சி எல்லாம் இடைவெளி விடாமல் இரவு முழுக்க ஓடும். ஊர் ஊராக அப்படியே போனார்கள். ஆர்பிட்டல், மிக்ஸ்மாஸ்டர் மாரிஸ் போன்றவர்கள் அந்த இரவுகளில் வாசித்தவர்கள். மிஸ்டர் சி, அதாவது ரிச்சர்ட் வெஸ்ட், குழுவுக்குள் வந்ததும் இந்த வழியாகத்தான். எலக்ட்ரானிக் இசையை மேடையில் நேரடியாக நிகழ்த்த முடியுமா என்று சந்தேகம் இருந்த காலம் அது. இன்று திருவிழா மேடைகளில் நாம் சாதாரணமாகப் பார்க்கிற வடிவத்தை இவர்கள் வேனில் ஏற்றிக்கொண்டு போய் விளக்கிக்கொண்டிருந்தார்கள். இதற்குரிய பெயர் அவர்களுக்குக் கிடைக்கவில்லை என்பது என் ஆதங்கம்.

1990இல் 'என்-டாக்ட்' ஆல்பம். இந்தத் தலைப்பிலும் ஒரு பொடி இருக்கிறது. எக்ஸ்டஸி வகை மருந்துகளை வேதியியலாளர்கள் எண்டாக்டோஜென் என்பார்கள், உள்ளே தொடுவது என்ற பொருளில். ஆனால் இந்த ஆல்பத்தைக் கேட்பதற்கு அந்த விவரம் தேவையே இல்லை. கனமான பேஸ், மேலே காலினின் மெலிந்த, கொஞ்சம் கூச்சமான குரல். ஹவுஸ் பாட்டுகளில் பெருங்குரல்கள் முழங்கிக்கொண்டிருந்தபோது இவர் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல் பாடுகிறார். ஷேமனில் எனக்கு அதிகம் பிடித்தது இதுதான்.

அதில் 'ப்ரோஜென்' என்று ஒரு பாட்டு. முதலில் வந்தபோது பெரிதாகப் போகவில்லை. 1991இல், மலையைப் பெயர்ப்பேன் என்ற பொருள்பட ஒலிக்கும் பல்லவியின் சொற்களையே தலைப்பாக்கி, 'மூவ் எனி மவுன்டன்' என்று மறுபடியும் வெளியிட முடிவானது. காணொளி எடுக்க ஸ்பெயினுக்குச் சொந்தமான கனரித் தீவுகளுக்குப் போனார்கள். தெனரீஃப் தீவின் எரிமலை நிலம். மரமில்லாத செம்பழுப்பு மண்ணில், கண்ணைக் கூசவைக்கும் வெயிலில், அவர்கள் ஆடுவதை இன்றும் யூடியூபில் பார்க்கலாம்.

படப்பிடிப்பு முடிந்தபின், 1991 மே 23 அன்று, பக்கத்துத் தீவான லா கொமேராவின் கரையில் நீந்தப்போன வில் சின்னட் நீரோட்டத்தில் சிக்கி மூழ்கி இறந்தார். வயது 30.

பாட்டு சில வாரங்களில் வெளிவந்தது. பிரிட்டனில் நான்காம் இடம் வரை ஏறியது. அமெரிக்கத் தரவரிசையில் முதல் நாற்பதுக்குள் நுழைந்தது. ஷேமனின் முதல் பெரிய வெற்றி அது. தொலைக்காட்சியில் திரும்பத் திரும்ப ஓடிய அந்தக் காணொளியில் வில் உயிரோடு ஆடிக்கொண்டிருந்தார்.

குழுவைக் கலைத்துவிடலாமா என்று காலின் ஆங்கஸ் யோசித்தார். பிறகு, வில் இருந்திருந்தால் தொடரத்தான் சொல்லியிருப்பார் என்று முடிவெடுத்தார். இறந்தவர்களின் விருப்பமாக நாம் சொல்வதெல்லாம் உண்மையில் யாருடைய விருப்பம் என்ற கேள்வி எனக்கு உண்டு. ஆனால் அடுத்து அவர்கள் வெளியிட்டதைப் பார்க்கும்போது அந்தக் கேள்வியை அழுத்திக் கேட்க மனம் வரவில்லை.

வெளியிட்டது 'ப்ரோஜெனி'. சந்ததி என்று பொருள். ஒரு முழு ஆல்பம், ஒரே ஒரு பாட்டு. 'ப்ரோஜென்' பாட்டின் ஏறத்தாழ இருபது வடிவங்கள் ஒன்றன்பின் ஒன்றாக. அதோடு அந்தப் பாட்டின் உதிரி ஒலிகளும் தனித்தனியாக, கேட்பவர்கள் எடுத்துத் தங்கள் சொந்த வடிவத்தைச் செய்துகொள்ளட்டும் என்று. பாட்டின் மூல ஒலித்துண்டுகளைப் பொதுவில் தருவது இன்று சாதாரணம். இணையம் வீடுகளுக்கு வராத 1991இல் அது அப்படியல்ல. ரீமிக்ஸ் சந்தையின் வியாபாரத் தந்திரம் என்று சொல்பவர்கள் இருப்பார்கள். இருக்கலாம். நான் அதை ஹெட்ஃபோனில் இரண்டு தடவை முழுதாகக் கேட்டிருக்கிறேன். பத்தாவது வடிவத்துக்கு மேல் பாட்டு பாட்டாக இருப்பதில்லை. நம் வீடுகளில் துக்கம் நடந்த பிறகு, வருகிற ஒவ்வொருவரிடமும் நடந்ததை முதலிலிருந்து சொல்வோமே, ஒவ்வொரு தடவையும் ஒரு விவரம் கூடும், ஒன்று விடுபடும், அப்படி ஆகிவிடுகிறது. அவர்கள் இதை நினைத்துச் செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. எனக்கு அப்படிக் கேட்கிறது.

அடுத்த ஆண்டு 'பாஸ் டிரம்'. இங்கேதான் 'எபனீசர்' வருகிறார். வில் போன இடத்தில் மிஸ்டர் சி முன்னால் வந்தார். லண்டன் காக்னி நாக்கு, கடைத்தெரு வாய். காலினின் கூச்சத்துக்கு நேர் எதிர். பாட்டின் காணொளியில் எபனீசராக நடித்தது ஜெரி சடோவிட்ஸ் என்ற கடுவாய் ஸ்காட்டிஷ் நகைச்சுவையாளர். ஆல்பத்திலிருந்து 'எல்எஸ்ஐ' ஆறாம் இடம், 'எபனீசர்' முதலிடம், 'பாஸ் டிரம்' நான்காம் இடம், 'ஃபாரெவர் பீப்பிள்' ஐந்தாம் இடம். ஜெலீசா ஆண்டர்சனின் குரல் இந்த ஆல்பத்தின் பெரிய பலம். ஆனால் முழுதாகக் கேட்டால் ஏற்ற இறக்கம் தெரியும். எனக்கு இந்த உற்சாகம் கொஞ்சம் கடமையாகச் செய்த உற்சாகம்போல் படுகிறது. எழுந்து நிற்கிறோம் பார், ஆடுகிறோம் பார் என்று.

இதே ஆல்பத்தில் 'ரீ:எவல்யூஷன்' இருக்கிறது. டெரன்ஸ் மெக்கென்னா என்ற அமெரிக்கரின் சொற்பொழிவை டெக்னோ தாளத்தின்மேல் பரப்பிய எட்டு நிமிடம். மெக்கென்னா தாவரங்களையும் மாய அனுபவங்களையும் பற்றிப் பேசித் திரிந்தவர், பாதி ஆய்வாளர், பாதி சாமியார். 1993இல் தனிப்பாட்டாக வெளிவந்து முதல் இருபதுக்குள் நுழைந்தது. ஒரு சொற்பொழிவு! முதலிடம் கொடுத்த செல்வாக்கை இவர்கள் எதற்குச் செலவழித்தார்கள் என்று பாருங்கள். இன்னொரு சிலேடை எழுதியிருந்தால் இன்னொரு முதலிடம் கிடைத்திருக்கும் என்பது யாருக்கும் தெரியும். எழுதவில்லை.

1995இல் வந்த 'ஆக்ஸிஸ் மியூடாடிஸ்' அந்தத் திசையில் இன்னும் தூரம் போனது. அதில் 'எஸ்2 டிரான்ஸ்லேஷன்' என்று ஒன்று. நம் மூளையில் செரட்டோனினைப் பிடித்துக்கொள்ளும் புரதம் ஒன்றின் டிஎன்ஏ வரிசையை விதிப்படி சுரங்களாக மாற்றி அமைத்த இசை. எக்ஸ்டஸி மாத்திரை மூளையில் கொட்டவைப்பதும் செரட்டோனினைத்தான். மூன்று வருடத்துக்கு முன்னால் தெருப்பேச்சில் ஜாடையாகச் சொன்னதை இப்போது ஆய்வுக்கூட வழியில் சொல்லிப் பார்த்தார்கள். சுருதி சேராத மழைபோல் அது தூறிக்கொண்டே இருக்கிறது. அதே சமயத்தில் 'நெமடான்' என்ற பெயரில் இணையதளமும் தொடங்கினார்கள், பெரும்பாலான குழுக்களுக்கு இணையம் என்றால் என்னவென்றே தெரியாதபோது. 'எபனீசர்' கேட்டு வந்த கூட்டத்துக்கு இதெல்லாம் எதற்கு? கூட்டம் கலைந்துகொண்டிருந்தது.

நிறுவனத்துக்கும் பிடிக்கவில்லை. அப்போது ஒன் லிட்டில் இந்தியன் என்ற பெயரில் இருந்த அந்தச் சுயாதீன நிறுவனத்தின் தலைவர் டெரக் பர்க்கெட். அவரே ஒரு காலத்தில் கலகக்காரப் பங்க் குழு ஒன்றில் பேஸ் வாசித்தவர். ஒப்பந்தப்படி இன்னும் ஓர் ஆல்பம் பாக்கி. 1996இல் ஷேமன் 'ஹெம்ப்டன் மேனர்' என்று முழுக்க வாத்திய இசையாக ஒன்றைச் சீக்கிரமாகச் செய்துகொடுத்தார்கள். பத்துத் துண்டுகள். ஃப்ரேயா, உர்ப்ஃப்ளான்சே, கன்னபியோ என்று பெரும்பாலும் செடிகொடியை நினைவூட்டும் பெயர்கள். பத்துப் பெயர்களின் ஆங்கில முதலெழுத்துகளை மேலிருந்து கீழாகப் படித்தால் தலைவருக்கு ஒரு கெட்டவார்த்தை அர்ச்சனை வரும். அவர் பெயரின் கடைசி எழுத்து மட்டும் ஒன்று குறைகிறது. பதினோராவது துண்டு போட நேரமில்லையோ என்னவோ.

நம் சித்திரகவிக்காரர்கள் எழுத்துகளைத் தேரிலும் பாம்பிலும் அடைத்து வைத்த மாதிரி, இவர்கள் வசவை ஒரு தாவரத் தோட்டத்துக்குள் நட்டுவைத்தார்கள். முதல் ஒளிப்பு அவர்களை உச்சிக்கு ஏற்றியது. இரண்டாவது ஒளிப்பு கணக்கை முடித்தது. ஒளிக்காமல் நேராகச் செய்த 'ப்ரோஜெனி'யை இன்று எத்தனை பேருக்குத் தெரியும்?

கடைசி ஆல்பம் 'யுவி', 1998. வெளியிட்டது மறுபடியும் மோக்ஷா. 1999இல் குழு கலைந்தது. மிஸ்டர் சி அதற்கு முன்பே, 1995இல், லேயோ பாஸ்கினுடன் சேர்ந்து லண்டனில் தி எண்ட் என்ற நடன விடுதியைத் தொடங்கியிருந்தார். நல்ல ஒலியமைப்புக்குப் பேர்பெற்ற இடம். 2009 ஜனவரியில் மூடினார்கள்.

இனிக் கேட்கப்போகிறவர்களுக்கு ஒரு யோசனை. 'என்-டாக்ட்'டில் தொடங்குங்கள். பிறகு 'ப்ரோஜெனி', துண்டு துண்டாக இல்லாமல் ஒரே மூச்சில், ராத்திரி கடைசி எம்ஆர்டிக்குப் பிறகு. பிறகு 'ரீ:எவல்யூஷன்'. 'ஹெம்ப்டன் மேனர்' வசவுக்காக இல்லாமல் இசைக்காகவே ஒரு தடவை கேட்கலாம், அவசரத்தில் செய்தது என்று சொன்னால்தான் தெரியும். 'எபனீசர்' எப்படியும் யாராவது போடும்போது காதில் விழும்.